முள் ஒன்று, அணை இரண்டு



இன்று நான் பேச வந்திருப்பது ஒரு மீனைப் பற்றி. திருக்கை. நமக்குத் தெரியாத மீனா அது? காசிமேட்டில் ஏலம் போகிற மீன். நாகப்பட்டினத்தில் கருவாடாகக் காய்கிற மீன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கட்டும் என்று கடலோர வீடுகளில் குழம்பு வைத்துக் கொடுக்கிற மீன். சொல் பேச்சுக் கேட்காத பையனைத் திருக்கை வாலைக் காட்டி மிரட்டிய தாத்தாக்களும் இந்த அரங்கில் இருக்கக்கூடும்.

ஆனால் நான் சொல்ல வந்த திருக்கை கடலைப் பார்த்ததே இல்லை. அதன் தாய் பார்த்ததில்லை. தாயின் தாய் பார்த்ததில்லை. பல லட்சம் தலைமுறைகளாக அந்த வம்சம் உப்புத் தண்ணீரைத் தொட்டதில்லை. ஆற்றில் பிறந்து, ஆற்றில் இரை தேடி, ஆற்றிலேயே குட்டி போட்டு, ஆற்றோடு முடிந்துபோகிற திருக்கை. அதன் வாலில் நஞ்சு தோய்ந்த முள் இருக்கிறது. அந்த முள்ளைப் பற்றிப் பேசாமல் உங்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். ஆனால் முள்ளைவிட முக்கியமாக உங்களிடம் சொல்ல விரும்புவது சுவர்களைப் பற்றி. ஓர் ஆற்றுக்குள் இயற்கை எழுப்பி வைத்திருக்கும் சுவர்கள், அங்கே மனிதன் கொண்டுபோய் எழுப்பும் சுவர்கள், இவற்றுக்கு நடுவே ஒரு மீன் என்ன பாடுபடுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

எந்த ஆறு? பிரேசில் நாட்டு ஷிங்கு ஆறு. மாட்டோ குரோசோ மாநிலத்து மேட்டு நிலத்தில் பிறந்து, வடக்கு நோக்கி ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் ஓடி, அமேசானில் கலக்கிறது. அமேசானின் கிளையாறு என்றதும் கலங்கிய மண்ணிறத் தண்ணீர் உங்கள் கண்முன் வரும். ஷிங்கு அப்படியில்லை. மிகப் பழைய பாறைகளின் மேல் ஓடி வருகிற ஆறு. அரித்துக் கொண்டுவர அந்தப் பாறைகளில் மண் அதிகம் மிச்சமில்லை. அதனால் தண்ணீர் தெளிந்து, பச்சை கலந்த நிறத்தில், அடிப்பாறை தெரிய ஓடுகிறது.

இந்த ஆறு அமேசானைச் சேருவதற்குமுன், அல்டாமிரா என்ற ஊரைத் தாண்டியதும், ஒரு வேலை செய்கிறது. நேரே போகாமல் பெரிதாக ஒரு வளைவு எடுக்கிறது. நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் வளைவு. வோல்டா கிராண்டே என்று அதற்குப் பெயர். அந்த வளைவுக்குள் ஆறு சுமார் 90 மீட்டர் கீழே இறங்குகிறது. ஒரே அருவியாகக் கொட்டினால் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் அங்கே ஆறு நூறு கிளையாகப் பிரிந்து, தீவுகளைச் சுற்றி, பாறை இடுக்குகளில் புகுந்து, நுரைத்து, தேங்கி, மறுபடி பாய்ந்து இறங்குகிறது. பாறைக் காடு, தண்ணீர்க் காடு, மரக் காடு, மூன்றும் ஒன்றாகக் கிடக்கும் இடம் அது.

அங்கே வாழ்கிறது நம் கதாநாயகன். விஞ்ஞானிகள் வைத்த பெயர் பொட்டாமோட்ரைகான் லியோபோல்டி. வாய்க்குள் நுழையவில்லையா? கவலை வேண்டாம். அலங்கார மீன் வியாபாரிகள் வாய்க்கும் அது நுழையவில்லை. அவர்கள் 'கறுப்பு வைரம்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? பெரிய தோசைக்கல்லில் மாவு சொட்டுச் சொட்டாக விழுந்தால் எப்படி இருக்குமோ, அப்படி. கன்னங்கரிய வட்ட உடல், அதன்மேல் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். கண் மேற்பக்கம், வாய் அடிப்பக்கம். மணலிலும் பாறையிலும் படுத்துக்கிடந்து நத்தையையும் நண்டையும் நொறுக்கித் தின்னும்.

லியோபோல்டி என்ற பெயர் பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டைக் குறிப்பது. கொங்கோ மக்களைக் கசக்கிப் பிழிந்த இரண்டாம் லியோபோல்டு வேறு, இவர் வேறு. பாவம், அந்தப் பெயரின் கறையை இவரும் சுமக்க வேண்டியிருக்கிறது. 1951இல் முடி துறந்த பிறகு இவர் காடுகளைச் சுற்றத் தொடங்கினார். அறுபதுகளில் ஷிங்குப் பகுதிக்கும் போனார். 1970இல் காஸ்டெக்ஸ், காஸ்டெல்லோ என்ற இரண்டு அர்ஜென்டினா ஆய்வாளர்கள் இந்தத் திருக்கையை அறிவியலுக்கு அறிமுகம் செய்தபோது அவர் பெயரைச் சூட்டினார்கள். ஷிங்குக் கரையில் ஆயிரமாண்டுகளாக இந்த மீனை அறிந்தவர்களின் பெயர் அதற்கு வாய்க்கவில்லை. அறிவியல் வரலாற்றில் இது வாடிக்கைதான். இங்கே அதை விரிக்காமல் போகிறேன்.

இப்போது ஒரு கேள்வி. கடல் பிராணியான திருக்கை ஆற்றுக்குள் எப்படி வந்தது?

சுறாவும் திருக்கையும் ஒரே குலம். எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். கடலில் இருக்கும் சுறாவும் திருக்கையும் தங்கள் இரத்தத்தில் யூரியாவைத் தேக்கி வைத்துக்கொள்கின்றன. நாம் சிறுநீரில் வெளியே தள்ளும் அதே யூரியாதான். ஏன் தேக்க வேண்டும்? கடல்நீரின் உப்பு உடலிலிருந்து தண்ணீரை உறிஞ்சி இழுத்துவிடும். உள்ளே யூரியா நிறைந்திருந்தால் அந்த இழுப்பு ஈடுகட்டப்படுகிறது. நாள்பட்ட சுறாவை வெட்டினால் மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை வருகிறதே, அதற்குக் காரணம் இந்த யூரியாதான்.

1967இல் தாமஸ் தார்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி தென்னமெரிக்க ஆற்றுத் திருக்கைகளின் இரத்தத்தைச் சோதித்தார். யூரியா எங்கே? இல்லை! இருந்தது வெறும் சொற்பம். கடல் உறவினர்களிடம் உப்பை வெளியேற்றும் சுரப்பி ஒன்று உண்டு. இவற்றிடம் அது சிறுத்துச் செயலற்றுக் கிடந்தது. சரி, தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் பழைய பழக்கம் திரும்புமா என்று பார்த்தார்கள். திரும்பவில்லை. யூரியாவைச் சேர்த்துவைக்கும் திறமையையே இந்தக் குலம் தொலைத்துவிட்டது. அதாவது, வந்த வழியே கடலுக்குத் திரும்பிப்போக இதற்கு வழி கிடையாது. ஆறுதான் இதன் உலகம்; ஆறு போனால் உலகம் போயிற்று. இந்த ஒரு செய்தியை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

எப்போது வந்தது, எந்தப் பக்கமாக வந்தது? இதில் ஒரு சுவையான வழக்கு நடந்தது. ஆண்டீஸ் மலைத்தொடர் எழும்பாத காலத்தில் பசிபிக் பக்கத்திலிருந்து உள்ளே வந்தது என்று 1981இல் ஒரு கட்சி வாதாடியது. சாட்சி யார் தெரியுமா? திருக்கையின் குடலில் இருக்கும் புழுக்கள்! ஆற்றுத் திருக்கையின் குடற்புழுவுக்கும் பசிபிக் திருக்கையின் குடற்புழுவுக்கும் உறவுமுறை பார்த்தார்கள். வீட்டுக்காரர் வாய் திறக்காவிட்டால் உள்ளே குடியிருப்பவரைக் கேட்பதில்லையா? அப்புறம் மரபணுச் சோதனை வந்தது. இல்லை இல்லை, கரீபியக் கடல் ஒரு காலத்தில் கண்டத்துக்குள் நெடுந்தூரம் ஏறி வந்தது, அந்தக் கடலோடு வந்து, கடல் வடிந்தபோது இவை உள்ளேயே தங்கிவிட்டன என்று எதிர்க்கட்சி சொன்னது. மரபணுக்காரர்கள் பக்கம்தான் இன்று ஆதரவு கூடுதல். எப்படியானாலும் கோடிக்கணக்கான ஆண்டுக் கணக்கு இது. வந்தவை பெருகி, இன்று முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களாக அந்தக் கண்டத்தின் ஆறுகளில் பரவியிருக்கின்றன.

ஒரு குலம் முப்பதாகப் பிரிந்தது எப்படி? இங்கேதான் என் சுவர்கள் வருகின்றன. ஷிங்குவின் அந்தப் பெரிய வளைவின் அடியில் இருக்கும் பாய்ச்சலும் பாறையும் ஒரு மதில். கீழே அமேசான் சமவெளியில் இருக்கும் மீன்களில் பல அதைத் தாண்டி மேலே ஏற முடியாது. மேலே இருப்பவை கீழே கலப்பதும் அரிது. மதிலுக்கு உள்ளே தனியாகக் கிடந்ததால்தான் கறுப்பு உடலும் வெள்ளைப் பொட்டுமாக ஒரு தனித் திருக்கை உருவாயிற்று. ஷிங்குப் படுகையை விட்டால் உலகில் வேறெங்கும் அது கிடையாது. பிரிக்கிற சுவர் என்றாலே நமக்குக் கசப்பு. ஆனால் ஆற்றைப் பொறுத்தவரை இந்தச் சுவர்தான் ஓர் உயிரைப் பெற்றெடுத்தது.

சரி, முள்ளுக்கு வருகிறேன். இல்லாவிட்டால் பின்வரிசைத் தம்பிகள் எழுந்து போய்விடுவார்கள்.

வாலின் மேற்பக்கத்தில் ஒரு முள். சில சமயம் இரண்டு. பல்லுக்குள் இருக்கும் பொருளைப் போன்ற கெட்டியான பொருளால் ஆனது. இரு ஓரமும் ரம்பம். ரம்பப் பற்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். உள்ளே போகும்போது சுலபமாகப் போகும். வெளியே வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். முள்ளின்மேல் ஓர் உறை. அந்த உறையில் நஞ்சு சுரக்கும் செல்கள். பாம்புக்கு இருப்பதைப் போல நஞ்சுப் பை இதற்குக் கிடையாது. குத்தும்போது உறை கிழிகிறது, நஞ்சு காயத்தில் கலக்கிறது, அவ்வளவுதான். கடல் திருக்கைக்கு அந்தச் செல்கள் முள்ளின் இரு பள்ளங்களில் ஒடுங்கியிருக்கும். ஆற்றுத் திருக்கைக்கோ முள் முழுவதும் பரவியிருக்கும். ஆகவே ஆற்றுத் திருக்கையின் குத்து இன்னும் கொடியது.

விடால் ஹத்தாத் என்ற பிரேசில் தோல் மருத்துவர் ஆற்றுத் திருக்கை குத்திய 84 பேரை ஆராய்ந்து 2004இல் தம் சகாக்களோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். வலி எல்லோருக்கும் இருந்தது. சாதாரண வலியா? வளர்ந்த மீனவர் கதறி அழுகிற வலி. பெரும்பாலோருக்குக் காயத்தைச் சுற்றித் தோல் அழுகியது. புண் ஆற வாரங்கள், சிலருக்கு மாதங்கள். கால் ஊன்ற முடியாத மீனவர் வீட்டில் அத்தனை நாளும் அடுப்பு எப்படி எரியும்? உயிர் போவது மிக அரிது. பிழைப்பு போவது சாதாரணம். அமேசான் பகுதியில் இந்த மீனுக்கு அஞ்சுகிற அளவுக்குப் பிரானாவுக்கு யாரும் அஞ்சுவதில்லை. பிரானாவுக்குப் பயப்படுவது சினிமா பார்த்த நாம்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். குத்து எங்கே விழுகிறது? பெரும்பாலும் பாதத்தில், கணுக்காலில். ஏன்? மிதித்தால்தான் குத்துகிறது. மணலுக்குள் கண் மட்டும் தெரியப் படுத்திருக்கும், மேலே ஒரு கால் இறங்கும், வால் சுழலும். தேடி வந்து தாக்கும் பழக்கம் அதற்குக் கிடையாது. அதனால் ஆற்றோர மக்கள் தண்ணீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைப்பதில்லை. தரையோடு தேய்த்துக்கொண்டே நடப்பார்கள். அதிர்வு தெரிந்தால் திருக்கை விலகிப் போய்விடும். 2006இல் ஆஸ்திரேலியாவில் ஸ்டீவ் இர்வின் இறந்தாரே என்று நீங்கள் கேட்பீர்கள். அது கடல் திருக்கை. முள் நெஞ்சில் பாய்ந்தது. எங்கோ ஒன்று அப்படி நடப்பதால்தான் அது உலகச் செய்தி ஆயிற்று.

முறிமருந்து உண்டா? இந்த நஞ்சுக்குக் கடையில் கிடைக்கும் முறிமருந்து எதுவும் இல்லை. ஆனால் வெந்நீர் உண்டு. நஞ்சில் இருப்பது புரதம். சூடு பட்டால் அதன் வீரியம் குறையும். குத்துப்பட்ட காலைத் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்தால் வலி தணியும். குத்துப்பட்டவருக்குச் சூடு சரியாக உறைக்காது. ஆகவே பக்கத்தில் இருப்பவர்தான் கைவைத்துப் பார்த்து, தோல் வெந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம்; காயத்தில் கிருமி சேரலாம்; டெட்டனஸ் ஊசி வேண்டும். வாயால் உறிஞ்சுவது, பிளேடால் கீறுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது எதுவும் வேண்டாம். நம் கடற்கரையில் திருக்கை குத்தினாலும் இதே வைத்தியம்தான். குறித்துக்கொள்ளுங்கள், பேச்சு மறந்தாலும் இது மறக்கக்கூடாது.

இனி அணைகளுக்கு வருவோம். ஒன்று கதவைத் திறந்துவிட்ட அணை. மற்றொன்று ஆற்றையே எடுத்துக்கொண்ட அணை. முதலில் கதவைத் திறந்த அணை.

ஷிங்குவிலிருந்து வெகுதொலைவில், தெற்கே, பிரேசிலும் பராகுவேயும் எல்லை பிரித்துக்கொள்ளும் இடத்தில் பரானா ஆறு. அங்கே குவாயிரா என்ற இடத்தில் ஓர் அருவித் தொகுதி இருந்தது. ஏழு அருவிகள் என்று பிரேசில்காரர்கள் சொல்வார்கள். கொட்டும் தண்ணீரின் அளவில் உலகின் தலையாய அருவிகளில் ஒன்று. பரானாவின் கீழ்ப்பகுதியில் வேறு ஆற்றுத் திருக்கைகள் உண்டு. மோட்டோரோ என்ற இனம் அவற்றில் ஒன்று. ஆனால் அருவிக்கு மேலே? ஒன்றுகூடக் கிடையாது. திருக்கையால் அருவி ஏற முடியுமா? எத்தனை ஆயிரம் ஆண்டுகளாக அந்த மதில் நின்றது!

அருவிக்குக் கீழே இதாய்ப்பு அணை எழுந்தது. பிரேசிலை இராணுவம் ஆண்ட காலம். அணை நிரம்பினால் அருவி முழுகிவிடும் என்று தெரிந்ததும் மக்கள் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று திரண்டார்கள். 1982 ஜனவரியில் கூட்டத்தின் பாரம் தாங்காமல் அருவியின்மேல் இருந்த நடைபாலம் ஒன்று அறுந்து, முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த அக்டோபரில் மதகுகள் மூடப்பட்டன. இரண்டே வாரம். ஏழு அருவிகளும் ஏரிக்கு அடியில் போயின. பிரேசிலின் பெருங்கவிஞர் கார்லோஸ் ட்ருமோண்ட் டி அந்த்ராதே அருவிக்கு விடைகொடுத்து ஒரு கவிதை எழுதினார்.

அருவி இறந்ததற்கு மனிதர் அழுதார்கள். திருக்கைக்கு என்ன ஆயிற்று? அதற்கு வழி திறந்தது! செங்குத்தாக நின்ற மதில் சமதளத் தண்ணீராகிவிட்டது. கீழே இருந்த திருக்கைகள் மெல்ல மேலே நீந்தின. மேல் பரானாவில் பரவின. அதற்கும் மேலே வேறு அணைகள் இருந்தனவே என்பீர்கள். இருந்தன. ஆனால் கப்பல் போவதற்கு அந்த அணைகளில் நீர்ப்பூட்டுகள் கட்டியிருந்தார்கள். கப்பலோடு கப்பலாகத் திருக்கையும் ஏறிப் போயிற்று. சாவோ பாவுலோ மாநிலத்தின் டியெட்டே ஆறு வரை போய்விட்டது. அங்கே திருக்கை என்றால் என்ன என்றே தெரியாத மீனவர்கள், குளிக்க வந்த குடும்பங்கள் குத்துப்பட்டார்கள். காலைத் தேய்த்து நடக்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? தாத்தா சொல்லியிருக்க முடியாது. தாத்தா காலத்தில் மீனே இல்லை. ஹத்தாத் போன்ற மருத்துவர்கள் கணக்கெடுக்க நேர்ந்த காயங்களில் இந்தப் புதிய ஊர்க்காரர்களின் காயங்களும் உண்டு. இதாய்ப்புவின் மின்சாரம் 14,000 மெகாவாட் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். இந்தக் கணக்கு அதில் இருக்காது.

இப்போது ஷிங்குவுக்குத் திரும்புகிறேன். இங்கே கதை நேர்மாறு.

வோல்டா கிராண்டே வளைவில் ஆறு 90 மீட்டர் இறங்குகிறது என்றேன் அல்லவா? பொறியாளர் கண்ணுக்கு அந்த இறக்கம் எப்படித் தெரியும்? மின்சாரமாகத் தெரியும். எழுபதுகளிலேயே திட்டம் போட்டார்கள். 1989 பிப்ரவரியில் அல்டாமிராவில் பழங்குடி மக்கள் பெருங்கூட்டம் கூட்டினார்கள். மேடையில் மின்வாரியப் பொறியாளர் ஒருவர் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார். கயாப்போ குலப்பெண் துயிரா எழுந்து போனார். கையில் வெட்டரிவாள். அதன் தட்டைப் பக்கத்தைப் பொறியாளரின் கன்னத்தில் அழுத்தினார். ஒரு கீறல் இல்லை, ஒரு துளி இரத்தம் இல்லை. அந்தப் படம் உலகம் முழுக்கப் போயிற்று. திட்டம் கிடப்புக்குப் போயிற்று. துயிரா 2024இல் காலமானார்.

ஆனால் திட்டங்கள் சாவதில்லை, தூங்கும். அது பெயர் மாற்றிக்கொண்டு பெலோ மோன்டே ஆகத் திரும்பி வந்தது. 2011இல் கட்டுமானம் தொடங்கியது. 2016இல் முதல் சுழலி ஓடியது. 2019இல் முழுமை பெற்றது. 11,233 மெகாவாட். எப்படிக் கட்டினார்கள் என்பதுதான் முக்கியம். வளைவு தொடங்கும் இடத்தில் ஆற்றை மறித்தார்கள். அங்கிருந்து ஒரு கால்வாய் வெட்டி, வளைவைக் குறுக்காகத் தாண்டி, தண்ணீரைச் சுழலிகளுக்குக் கொண்டுபோய், கீழே மறுபடி ஆற்றில் விட்டார்கள். அப்படியானால் நடுவில் இருக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வளைவுக்கு என்ன மிச்சம்? ஆற்றுநீரில் 80 சதவீதம் வரை திருப்பிவிடப்படுகிறது. எஞ்சியதுதான் மிச்சம்.

ஷிங்குவில் வெள்ளக் காலத்தில் வினாடிக்குச் சுமார் 20,000 கன மீட்டர் தண்ணீர் போகும். நம் கணக்கில் ஏழு லட்சம் கன அடி. காவிரியில் இரண்டு லட்சம் கன அடி என்றாலே கரையோர ஊர்களைக் காலி செய்யச் சொல்கிறோம், அப்படியென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் அது ஆயிரம் கன மீட்டர் அளவுக்கு வற்றும். இந்த ஏற்றமும் இறக்கமும்தான் ஆற்றின் மூச்சு. தண்ணீர் ஏறும்போது கரையோரக் காடு முழுகும். மீன்கள் காட்டுக்குள் நீந்திப்போய்ப் பழம் தின்னும், முட்டையிடும், குஞ்சு வளர்க்கும். இறங்கும்போது ஆற்றுக்குத் திரும்பும். அணை நிர்வாகம் என்ன செய்தது? ஓர் ஆண்டின் உச்சத்தில் 4,000 கன மீட்டர், அடுத்த ஆண்டின் உச்சத்தில் 8,000 என்று வளைவுக்கு ஓர் அட்டவணை போட்டது. இருபதாயிரம் பழகிய ஆற்றுக்கு நாலாயிரம்!

யார் இதைத் தட்டிக் கேட்டார்கள்? வளைவில் வாழும் ஜுருனா மக்கள் கேட்டார்கள். அவர்களும் அராரா மக்களும்தான் அங்கே காலங்காலமாக மீன்பிடித்து வாழ்கிறவர்கள். ஜுருனாக்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து தாங்களே கண்காணிப்பில் இறங்கினார்கள். தினமும் தண்ணீர் மட்டத்தை அளந்தார்கள், மீனை எடை போட்டார்கள், குறிப்பேட்டில் எழுதினார்கள். முட்டையிட மீன் வரும் ஓடைகள் காய்ந்து கிடந்ததை, வற்றிய தரையில் முட்டைகள் உலர்ந்து கிடந்ததைப் படம் எடுத்து அரசின் முன் வைத்தார்கள். நீர்த்தேக்கத்தை நிரப்பிய மாதங்களில் மட்டும் 16 டன்னுக்கு மேல் மீன் செத்தது என்று பிரேசிலின் சுற்றுச்சூழல் துறையான இபாமாவே 2016இல் அபராதம் விதித்தது. பட்டம் பெறாத மீனவர் குறிப்பேடு ஒரு பெரும் நிறுவனத்தின் அறிக்கையோடு மல்லுக்கட்டி நிற்கிறது. எனக்கு அந்தக் குறிப்பேட்டின்மேல்தான் நம்பிக்கை.

இந்த வளைவில்தான் நம் கறுப்புத் திருக்கையும் இருக்கிறது. அணைக்கு மேலே ஓட்டம் நின்ற தேக்கம். பாறைமேல் வண்டல் படிகிறது. அணைக்குக் கீழே தண்ணீர் மெலிந்த ஆறு. நத்தையும் நண்டும் விளைந்த இடங்கள் வெயிலில் காய்கின்றன. அது எங்கே போகும்? கடலுக்குப் போக முடியாது. அந்தத் திறமையைத் தொலைத்துவிட்டது என்றேனே. பக்கத்து ஆற்றுக்குப் போக முடியாது, மதில் இருக்கிறது. வேகமாகப் பெருகி ஈடுகட்டிவிடுமா? அதுவும் முடியாது. ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மீன் இல்லை இது. குட்டி போடுகிறது, அதுவும் வயிற்றுக்குள்ளேயே கருப்பைச் சுவரில் பால் போன்ற ஒரு திரவத்தைச் சுரந்து ஊட்டி வளர்த்து, விரல்விட்டு எண்ணும் அளவில் சில குட்டிகள். தாய் ஒன்று செத்தால் ஈடு கிடைக்க ஆண்டுகள் ஆகும். இவ்வளவும் போதாதென்று அந்த வளைவின் கரையில் தங்கச் சுரங்கம் தோண்ட ஒரு கனடா நிறுவனம் பல ஆண்டுகளாக முயன்று வருகிறது.

முள்ளுக்குப் பயந்து மனிதன் செய்வதும் உண்டு. சுற்றுலாக்காரர் குளிக்கும் மணல் துறைகளில் திருக்கைகளைக் கொன்று அகற்றுகிறார்கள். வலையில் சிக்கினால் வாலை வெட்டித் தண்ணீரில் வீசுகிறார்கள். அழகுக்கு ஆசைப்பட்டுச் செய்வதும் உண்டு. கறுப்பு உடம்பும் வெள்ளைப் பொட்டும் யாருக்குத்தான் பிடிக்காது? அல்டாமிராவில் பிடித்து, விமானத்தில் ஏற்றி, ஆசியாவின் கண்ணாடித் தொட்டிகளுக்கு அனுப்பினார்கள். இன்று தாய்லாந்திலும் தைவானிலும் பண்ணைகளிலேயே வளர்க்கிறார்கள் என்றாலும், காட்டு மீனுக்கு விலை போய்விடவில்லை. அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் 2022 பனாமா மாநாட்டில், பிரேசிலின் முயற்சியால், இந்தத் திருக்கையும் வேறு ஆறு ஆற்றுத் திருக்கை இனங்களும் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு தாண்டக்கூடாது. வாணிகத்துக்கு இப்படி ஒரு கடிவாளம் போட முடிந்தது. அணைக்கு எந்த மாநாட்டில் கடிவாளம் போடுவது?

இதெல்லாம் பிரேசில் விவகாரம், நமக்கென்ன என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

வோல்டா கிராண்டேயில் இன்னொரு மீன் உண்டு. விரல் நீளம், கறுப்பு வெள்ளை வரிகள். வரிக்குதிரை பிளெக்கோ என்பார்கள். வாயால் பாறையைக் கவ்விக்கொண்டு வாழும். அந்த வளைவை விட்டால் அதற்கும் உலகில் வேறு இடமில்லை; அதுவும் அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதன் ஒன்றுவிட்ட சொந்தக்காரர் ஒருவர் உங்கள் எல்லோருக்கும் தெரிந்தவர். மீன்தொட்டியில் பாசி தின்ன என்று வாங்குகிறீர்களே, டேங்க் கிளீனர், சக்கர் மீன். அதே தென்னமெரிக்கக் குடும்பம்தான். சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் கேரள நீர்நிலைகளிலும் அது இன்று பெருகிக் கிடக்கிறது. வலையில் மாட்டினால் அதன் முள்ளும் சொரசொரத்த தோலும் வலையைக் கிழிக்கின்றன. வாங்க ஆளில்லாமல் மீனவர் கரையில் வீசுகிறார். எப்படி வந்தது நம் ஏரிக்கு? தொட்டியில் பெரிதாகிவிட்டது, கொல்ல மனமில்லை, ஏரியில் விட்டுவிட்டோம். அவ்வளவுதான் வரலாறு. சொந்த ஊரில் ஒருவருக்குக் குடியிருக்க இடமில்லை. நம் ஊரில் அவருடைய சொந்தக்காரர் குடிவந்து நம் மீனை விரட்டுகிறார்.

திருக்கைக்கும் இது நடந்திருக்கிறது. நம்மவர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில், நீர்த்தேக்கத்தில் மோட்டோரோ திருக்கை குடியேறியிருப்பதை 2010இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். யாரோ தொட்டியில் வளர்த்தது. யாரோ இரக்கப்பட்டு விட்டது. இரக்கம்தான்! ஆனால் மதில் தாண்ட ஏறக் கொடுத்த தோளும் அதுதான். சிங்கப்பூரில் பிழைக்கிற மீனுக்கு நம் வைகையும் தாமிரபரணியும் சூடாக இருக்குமா, குளிராக இருக்குமா? நன்றாகவே பிழைக்கும். படித்துறையில் இறங்கும் நம் பெண்களுக்கும் மீன்பிடிக்கும் சிறுவர்களுக்கும் காலைத் தேய்த்து நடக்கும் பழக்கம் கிடையாது.

ஆகவே இந்த அரங்கில் மீன் வளர்ப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. ஆசையாக வளருங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் வெளிநாட்டு மீனை வாங்கும்போது அதற்குரிய சீட்டு இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். 2022இல் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, சைட்டீஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று ஆகியிருக்கிறது. கேட்பது உங்கள் உரிமை மட்டுமில்லை, உங்களுக்குப் பாதுகாப்பும்கூட. வளர்த்த மீன் பெரிதாகிவிட்டால் வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். வளர்க்கத் தெரிந்த இன்னொருவருக்குக் கொடுங்கள். மீன்வளத்துறை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். எக்காரணம் கொண்டும் குளத்திலோ ஏரியிலோ ஆற்றிலோ விடாதீர்கள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லுங்கள்.